ஆலை நிற்கும் நாள்களும் அதை நடத்தும் பொறியாளரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஷட்டவுன் எனப்படும் பெரும் பராமரிப்பு நிறுத்தங்களைத் திட்டமிட்டு நடத்தும் பொறியாளர் பணியைக் குறித்துக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றுள் நான்கினுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கடலூர் சிப்காட் வளாகத்தில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அடுத்த ஷட்டவுனுக்கான திட்டமிடல் குழுவில் சேரும்படி மேலாளர் அழைக்கிறார். ஆண்டுக்கு ஓரிரு வாரம் நடக்கும் வேலையை நம்பி ஒருவன் தன் தொழில் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஆலை நின்று கிடக்கும் நாள்கள் சிலவே. ஆனால் பெரிய ஆலைகளில் அந்த நாள்களுக்கான வேலை 12 முதல் 18 மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை முதலில் வீட்டாருக்கு விளக்குங்கள். சென்ற முறை திறந்து பார்த்தபோது எழுதிவைத்த ஆய்வறிக்கைகள், குழாய்களின் தடிமன் அளவுகள், உற்பத்திப் பிரிவினரின் குறைப்பட்டியல், சட்டப்படி செய்தே ஆகவேண்டிய சோதனைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பணிப்பட்டியல் உருவாக்குவதே பல மாத வேலை. அதன்பின் ஒவ்வொரு பணியையும் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரை (வெப்பம் கைமாறும் கலனை) சுத்தம் செய்வது என்று பட்டியலில் ஒரே வரியாக இருப்பது, களத்தில் சாரம் கட்டுதல், இன்சுலேஷன் பிரித்தல், வால்வை மூடிப் பூட்டுதல், ப்ளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போடுதல், போல்ட் கழற்றுதல், கிரேன் வைத்து உள்ளே இருக்கும் குழாய்க் கட்டான டியூப் பண்டிலை இழுத்தல், உயர் அழுத்த நீரால் கழுவுதல், ஆய்வு, பழுதுபார்ப்பு, மீண்டும் பூட்டுதல், ஹைட்ரோ டெஸ்ட் எனும் நீரழுத்தச் சோதனை, ப்ளைண்டை எடுத்தல் என்று ஒரு டஜன் வேலைகளாக விரியும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எந்தக் கருவி, எந்த வேலை முடிந்தபின் எது என்பதைச் சொல்பவர்தான் திட்டமிடல் பொறியாளர்.

இந்தத் துறைக்குப் பெருமைக்குரிய ஒரு வரலாறும் உண்டு. இன்று பாலம் கட்டுவோர் முதல் கப்பல் கட்டுவோர் வரை பயன்படுத்தும் கிரிட்டிக்கல் பாத் முறையை 1957-இல் வகுக்கத் தொடங்கியவர்கள், அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் ஆவர். அம்முறையின் பயன் தெளிவாகத் தெரியவந்த இடங்களுள் ஒன்று, டூபான்டின் லூயிவில் ஆலையில் நடந்த ஒரு பராமரிப்பு நிறுத்தம். அங்கே 125 மணி நேரம் எடுத்துக்கொண்ட நிறுத்தம் 93 மணி நேரமாகக் குறைந்தது. ஆள்களை விரட்டி வேலை வாங்கியதால் வந்த மாற்றமன்று அது. எந்த வேலை தாமதமானால் ஆலை முழுவதும் தாமதமாகும், எது தாமதமானாலும் கெடுதல் இல்லை என்பதைக் கணக்கிட்டு அறிந்ததால் வந்தது.

நம் மாவட்டத்திலேயே இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. கொதிகலன்களுக்கான சான்றிதழ் பொதுவாக ஓராண்டுக்கு மிகாத காலத்துக்கே வழங்கப்படுவதால், அவற்றை நிறுத்தி, திறந்து, ஆய்வாளரிடம் காட்ட வேண்டியது தவிர்க்க முடியாத கடமை. நெய்வேலியின் இரண்டாம் அனல் மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் 7 கொண்டதாக அமைக்கப்பட்டது. புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் 2 உள்ளன. அவற்றை ஒரே நேரத்தில் நிறுத்த இயலாது. ஒன்றன்பின் ஒன்றாகவே பராமரிப்புக்கு எடுக்க வேண்டும். சிப்காட்டின் ரசாயன, மருந்து ஆலைகளையும் சற்றுத் தள்ளிச் சென்னை மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டில் எந்த மாதத்திலும் எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தம் நடந்துகொண்டோ தயாராகிக்கொண்டோ இருக்கும்.

எனவே மேலாளரின் அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் குழுவில் சேர்ந்ததும் அட்டவணை போட உதவும் பிரைமவேரா மென்பொருளின் முன் அமர்ந்துவிடாதீர்கள். அதைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அட்டவணையில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் உரிய ஃபிளாஞ்சை (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்பை) நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதைச் சுற்றிச் சாரம் கட்ட இடம் இருக்கிறதா, கிரேன் அங்கே போய் நிற்க முடியுமா, மேலே மின்கம்பி செல்கிறதா என்பதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஃபிட்டர்களுடனும் பளுவைக் கட்டித் தூக்கும் ரிக்கர்களுடனும் பேசிப் பழகிய பொறியாளரின் மணிக்கணக்கு மெய்யாகும். மற்றவரின் கணக்கு தாளோடு நின்றுவிடும். சில ஆண்டுகள் களத்தில் நின்றபின் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) நடத்தும், அழுத்தக் கலன்களுக்கான ஏபிஐ 510, குழாய்களுக்கான ஏபிஐ 570 போன்ற ஆய்வாளர் தேர்வுகளை எழுதுங்கள். அனுபவம் இல்லாமல் அவற்றை எழுத அனுமதியும் இல்லை.

கேள்வி: நான் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆலையில் பத்து நாள் என்று அறிவிக்கப்பட்ட ஷட்டவுன் ஒவ்வொரு முறையும் பதினைந்து நாளைத் தாண்டுகிறது. காண்ட்ராக்டரைக் குறை கூறுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையான குறை எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: பெரும்பாலும் பணிப்பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலை ஒரு தேதியில் மூடிவிட வேண்டும். மூடாத பட்டியல் கடைசி நாள் வரை வளர்ந்துகொண்டே போகும். ஆலை எப்படியும் நிற்கப்போகிறது, இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள் என்று ஒவ்வொரு பிரிவினரும் கொண்டுவரும் சிறு வேலைகள் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையாகவே தோன்றும். ஆனால் அவை அனைத்தும் அதே வெல்டரையும் அதே கிரேனையும் வேலை தொடங்க அனுமதிச் சீட்டு தரும் அதே பெர்மிட் மேசையையும் நாடி வருகின்றன. ஆகவே ஒவ்வொரு வேலையைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஆலையை நிறுத்தாமலே இதைச் செய்ய முடியுமா? அடுத்த நிறுத்தம் வரை இது பொறுக்குமா? மாற்றுப் பம்பு இருக்கும் பம்பையும், பைபாஸ் இருக்கும் கண்ட்ரோல் வால்வையும் நிறுத்த நாளுக்காகக் காத்துவைக்கத் தேவையே இல்லை. பட்டியலில் ஒரு வேலையைச் சேர்க்க யார் வேண்டுமானாலும் முன்வருவார்கள். நீக்குவதற்கு அதிகாரமும் துணிவும் உள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை நிர்வாகம் பெயர் சொல்லி நியமிக்காத வரை பத்து நாள் பத்து நாளாக இருக்காது.

திறந்து பார்த்தபின் தெரியவரும் பழுதுகள் அடுத்த காரணம். இவற்றை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆனால் எதிர்பார்க்க முடியும். ஐயத்துக்குரிய கலன்களை முதல் இரண்டு நாளுக்குள் திறந்துவிட வேண்டும். எட்டாம் நாளில் கண்டுபிடிக்கப்படும் விரிசலும் இரண்டாம் நாளில் கண்டுபிடிக்கப்படும் விரிசலும் ஒன்றல்ல. ஓடும்போதே அல்ட்ராசானிக் கருவியால் தடிமனை அளந்து வைத்தால் எங்கே தகடு தேய்ந்திருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். டியூபுகளை அடைக்கும் பிளக்குகள், வெட்டிப் பொருத்துவதற்கான தகடு ஆகியவற்றைக் கிடங்கில் வைத்திருக்கலாம்.

மிகச் சிறியதாகத் தோன்றும் காரணங்களும் நாள்களைத் தின்கின்றன. காலை எட்டு மணிக்கு வந்த நூற்றுக்கணக்கானோர் பெர்மிட்டுக்காகப் பத்தரை மணி வரை வரிசையில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மறுநாளுக்கான பெர்மிட்டுகளை முன்மாலையே எழுதி வைத்து, காலையில் களத்துக்குச் சென்று நிலைமையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் அந்த நேரம் மீளும். நம் கடலோர ஆலைகளில் உப்புக்காற்றால் இறுகிய போல்ட்டுகள் தனித் தொல்லை. நிறுத்தத்துக்குப் பல நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வருவதும், எவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று குறித்துப் புதிய போல்ட்டுகளை வாங்கி வைப்பதும் நல்லது. நாள் குறிக்கும்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையைத் தவிர்த்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதைக் கண்டவர்களுக்கு, அந்தப் பருவத்தில் உயரமான சாரமும் திறந்து கிடக்கும் கலனும் எத்தகைய ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின், இழந்த நாள்களைக் கடைசியில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்தத்தின் மிக ஆபத்தான கட்டம் ஆலையை மீண்டும் ஓடவிடும் நேரம். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு முடிந்து ஓர் அலகைத் தொடங்கும்போது எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பி வெடிப்பு நேர்ந்தது. 15 பேர் இறந்தனர். இறந்தவர்கள் அனைவரும், அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அலகை இயக்கியவர்கள் 29 நாள்களோ அதற்கு மேலோ இடைவிடாமல் 12 மணி நேரப் பணி பார்த்து வந்திருந்ததை விசாரணை எடுத்துக்காட்டியது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் மாண்டதற்கு, பராமரிப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பைப் பற்றிய தகவல் ஷிஃப்ட் மாறும்போது கைமாறாமல் போனது ஒரு முக்கியக் காரணம். எனவே தாமதமாகிவிட்டால் தாமதம் என்று அறிவியுங்கள். தொடக்கப் பணிக்கென ஒதுக்கிய மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தையும் யாரும் கடன் வாங்கக் கூடாது.

கேள்வி: புதுச்சேரியில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஷட்டவுன் என்பது இயந்திரப் பொறியாளர்களின் வேலை என்றும், இரவுப்பணி இருப்பதால் பெண்களுக்கு ஒத்துவராது என்றும் சொல்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உறுதியாக உண்டு. ஆலையை எந்த வரிசையில் நிறுத்துவது, கலனில் இருப்பதை எங்கே வடிப்பது, நீராவியாலா நைட்ரஜனாலா எத்தனை நேரம் கழுவுவது, எந்த இடத்தில் ப்ளைண்ட் போட்டால் பக்கத்துக் குழாயிலிருந்து எதுவும் வராது என்பவற்றை எழுதித் தருபவர் வேதிப் பொறியாளர். அந்த எழுத்து சரியாக இருந்தால்தான் மற்றவர்களின் வேலையே தொடங்க முடியும். நைட்ரஜனுக்கு நிறமும் மணமும் இல்லை. அது நிரம்பிய கலனுக்குள் இறங்கியவர் எச்சரிக்கை ஏதுமின்றி மயங்கி விழுந்துவிடுவார். காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5-க்குக் கீழே போனாலும் 23.5-க்கு மேலே போனாலும் உள்ளே ஆளை அனுப்பலாகாது. கலனின் வாயில் ஒரு முறை அளந்ததோடு நிறுத்தாமல் அடியிலும் நடுவிலும் மேலேயும் அளக்க வேண்டும், உணவு இடைவேளைக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும், மேன்ஹோல் அருகே ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும். கலனுக்குள் கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. இவற்றை மனப்பாடமாக அல்லாமல் காரணத்தோடு அறிந்த பொறியாளரின் சொல்லைத்தான் களத்தில் இருப்பவர்கள் மதிக்கிறார்கள்.

இரவுப்பணியைப் பொறுத்தவரை, 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு நிபந்தனைகளுடன், பெண்கள் தம் ஒப்புதலின்பேரில் இரவில் பணிபுரிய வழி செய்கிறது. சட்டம் அனுமதிப்பதும் ஆலையில் வசதி இருப்பதும் வெவ்வேறு. நேர்காணலில் ஊதியத்தைக் கேட்பதற்கு முன்பே, வீட்டுவாசல் வரை வாகனம் வருமா, களத்துக்கு அருகில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, இரவு ஷிஃப்டில் இன்னொரு பெண் இருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளால் முகம் சுளிக்கும் ஆலையில் மற்றப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

கேள்வி: என் மகன் டிப்ளமா முடித்து, வெல்டிங் ஆய்வில் பயிற்சி பெற்றவன். வளைகுடா நாட்டில் 45 நாள் ஷட்டவுன் வேலை என்று சொல்லி ஓர் ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். அனுப்பலாமா?
– ஒரு தாய், சிதம்பரம்

பதில்: அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள், அம்மா. பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வகுத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே. அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். வேலை உண்மையானதாகவே இருக்கலாம். அந்த நாடுகளில் வெயில் தணியும் குளிர் மாதங்களில் நிறுத்தங்கள் மிகுதியாக நடப்பதும், குறுகிய காலத்துக்கு இங்கிருந்து ஆள் எடுப்பதும் வழக்கந்தான். ஆனால் வருகை விசாவில் அனுப்பினால் மறுத்துவிடுங்கள். வேலை விசா, சம்பளம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், கூடுதல் நேர ஊதியம், தங்குமிடம், திரும்பும் விமான டிக்கெட் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். 45 நாளுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டால் எத்தனை நாள் சம்பளம் என்பதையும் எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எழுகிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு நகலையும் பாஸ்போர்ட், விசா நகல்களையும் மகன் புறப்படும் முன்பே வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.