சுண்ணாம்புச் சத்தும் பயிரின் சுவாசமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கால்சியம் செல் சுவரைக் கெட்டிப்படுத்தும் என்று படித்திருக்கிறேன். பயிரின் சுவாசத்தில் அதற்கு என்ன வேலை?

பதில்: சவ்வுகளைக் காப்பதுதான் முக்கிய வேலை. செல்லின் வெளிச்சவ்வு கசியாமல் இருக்கக் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் உட்சவ்வுகளின் கட்டும் தளரும். தனியே அடைபட்டிருந்த சர்க்கரையும் கரிம அமிலங்களும் சுவாச நொதிகளின் கைக்குப் போய்ச் சேரும். சுவாசம் ஏறும், சேமிப்பு கரையும். ஆப்பிளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கால்சியம் குறைந்த பழம் வேகமாகச் சுவாசிக்கிறது, முந்திப் பழுக்கிறது, கிடங்கில் தோலுக்கடியில் பழுப்புப் புள்ளி விழுந்து கெடுகிறது. ஆப்பிள் தோட்டங்களில் காய்களின் மேல் கால்சியம் குளோரைடு தெளிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: அப்படியானால் கால்சியத்தைத் தாராளமாகக் கொடுத்துச் சுவாசத்தைக் குறைத்தால் விளைச்சல் கூடுமா?

பதில்: கூடாது. வேர் சத்தை உறிஞ்சுவதும் குருத்து வளர்வதும் சுவாசம் தரும் ஆற்றலால்தான். அதைக் குறைக்க நாம் ஆசைப்படவே கூடாது. கசிவினால் வரும் வீண் சுவாசத்தைத் தடுப்பதே நோக்கம்.

கேள்வி: மண் பரிசோதனையில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது. ஆனாலும் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து அமுங்குகிறது. ஏன்?

பதில்: பலரை வதைக்கும் சிக்கல் இது. மண்ணில் இருக்கும் கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். கால்சியம் நீரோட்டத்தோடு மேலேறும். இலை அதிக நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை இலைக்குப் போனது காய்க்குத் திரும்பி வராது. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் காயின் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். அம்மோனியா வடிவத் தழைச்சத்தும் பொட்டாஷும் மிகுந்தால் வேர் கால்சியத்தை எடுப்பதும் குறையும்.

முதலில் பாசனத்தைச் சீராக்குங்கள். அதன் பிறகே தெளிப்பு: லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு, வெயில் தாழ்ந்த பின், இளங்காய்கள் நனையும்படி. இலையை மட்டும் நனைத்தால் பயனில்லை. கருத்துவிட்ட காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

கேள்வி: நிலக்கடலைக்குக் கால்சியம் தரும் ஜிப்சத்தை அடியுரமாகவே போட்டுவிடலாமா?

பதில்: பூக்கும் பருவத்தில், விதைத்த 40 முதல் 45 நாளில், ஏக்கருக்கு 160 கிலோவைச் செடியோரம் இட்டு மண் அணையுங்கள். கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் மேல்மண்ணில் கால்சியம் இல்லாவிட்டால் காய் பொக்காகும்.