டியூபா, டையோடா? ரெக்டிஃபையர் பற்றி நம்ம ஊர் கிடார்காரர்கள் கேட்டவை

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, சர்ச்சில் கிடார் வாசிக்கிறேன். பழைய ஆம்ப் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் ‘டியூப் / டையோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. டியூப் பக்கம் போட்டால் சத்தம் இனிமையாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

தெரியாததில் ஆச்சரியம் இல்லை தம்பி. அந்தச் சுவிட்ச் மாற்றுவது ரெக்டிஃபையரை: ஒரு பக்கம் கண்ணாடி வால்வான டியூப், மறுபக்கம் சிலிக்கான் டையோடு. கிடாரின் சிக்னல் ரெக்டிஃபையர் வழியாகப் போவதே இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஏசியை டிசியாக்கிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கரண்ட் இழுக்கும்போது எவ்வளவு வோல்டேஜைத் தானே தின்றுவிடுகிறது என்பதில்தான் வித்தியாசம். சிலிக்கான் டையோடில் சுமார் 1 வோல்ட்தான் போகும். 225 மில்லிஆம்பியர் ஓடும்போது ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் டியூப் சுமார் 17 வோல்ட் தின்னும், 5யு4ஜிபி என்ற டியூப் சுமார் 45.

ஓங்கி ஒரு ஈ கார்டு அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் டியூப்கள் சட்டென்று கரண்ட் இழுக்கும், பிளேட் வோல்டேஜ், அதாவது அவற்றுக்குக் கிடைக்கும் டிசி, இறங்கும். அடியின் முனை மழுங்கும். அப்புறம் வோல்டேஜ் ஏற ஏற கார்டு மறுபடி எழும்பி வரும். இதைத்தான் ‘சாக்’ என்கிறோம். வால்யூமை 2-இல் வைத்துப் பாட்டுக்குப் பின்னால் மெதுவாக வாசித்தால் அவ்வளவு கரண்டே ஓடாது, சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். 7-க்கு மேல் ஏற்றி அடித்துப் பாருங்கள். ஆராதனை நேரத்தில் வேண்டாம்.

வண்ணார்பேட்டையிலிருந்து: நாங்கள் மெட்டல் வாசிக்கிறோம். எதில் வைக்க?

டையோடில். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வேகமாக அடிக்கிற ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) சாக் எதிரி, ஒவ்வொரு அடியும் கொழகொழத்துப் போகும். ஆம்ப் கம்பெனியான மெசா பூகி 1990-களின் தொடக்கத்தில் டூயல் ரெக்டிஃபையர் ஆம்ப்பில் இரண்டு வழியையும் வைத்தது. அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். அதை வாங்கி மெட்டல் வாசித்தவர்களில் பெரும்பாலோர் டையோடைத்தான் நம்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தென்காசியிலிருந்து: என் ஆம்ப்பில் ஜிஇசட்34. அதைப் பிடுங்கிவிட்டு, அதே சாக்கெட்டில் செருகுகிற டையோடு பிளக்கைப் போடலாமா அண்ணாச்சி? டிரான்ஸ்பார்மர் 325-0-325 (நடுவிலிருந்து இருபக்கமும் 325 வோல்ட் ஏசி).

செருகுவது சுலபம். கணக்குப் பார்க்காமல் செருகினால்தான் வம்பு.

முதலில் கண்டன்சர், ரெக்டிஃபையருக்கு அடுத்து நின்று டிசியைத் தேக்கி வைப்பது. 325 வோல்ட் ஏசியின் உச்சம் 460. ஜிஇசட்34 மெதுவாகச் சூடேறி, மற்ற டியூப்கள் தயாரான பிறகுதான் வோல்டேஜைக் கொடுக்கும். டையோடு அப்படியில்லை, சுவிட்ச் போட்ட கணமே கொடுத்துவிடும். கரண்ட் இழுக்க ஆள் இல்லாததால் முழு 460-ம் கண்டன்சர் தலையில் ஏறும். அதன் மேல் 450 என்று அச்சடித்திருந்தால் இப்போதே போதாது. லைன் வோல்டேஜ் 230-இல் இல்லாமல் 250-க்கு ஏறுகிற ராத்திரியில் அந்த 460, 500 ஆகிவிடும்.

இரண்டாவது டையோடு. அதன் மேல் எதிர்ப்பக்கமாக விழுவது உச்சத்தைப் போல் இரண்டு மடங்கு, 920 வோல்ட். 1என்4007 என்ற டையோடு தாங்குவது 1000. அதே 250 வோல்ட் ராத்திரியில் இதுவும் 1000-ஐத் தொடும். ஆகவே பக்கத்துக்கு ஒன்று போதாது, இரண்டை வரிசையாகக் கோத்திருக்க வேண்டும். பிளக்கைத் திறந்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது பயாஸ், அதாவது வாசிக்காதபோது பவர் டியூபில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்ற அமைப்பு. பிளேட் வோல்டேஜ் ஏறினால் பவர் டியூப் சூடும் ஏறும். இஎல்34 பவர் டியூபின் எல்லை 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டில் வைப்பது வழக்கம். 450 வோல்ட்டில் அது ஒரு டியூபுக்கு 39 மில்லிஆம்பியர், 480-இல் 36 தான். பயாஸைத் தொடாமல் விட்டால் கரண்ட் குறைவதற்குப் பதில் கூடும், பிளேட் சிவந்துவிடும். பயாஸை மாற்றத் திருகு கிடையாது, டியூபின் கேதோடு காலில் உள்ள ரெசிஸ்டர்தான் அதை முடிவு செய்கிறது என்றால் அந்த ரெசிஸ்டரையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

அப்புறம், ஆம்ப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் உயிரை எடுக்கிற கரண்ட் நிற்கும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 10கே (10,000 ஓம்) வயர்வூண்ட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுகிற பழக்கம் நம்ம ஊர் மெக்கானிக்குகளிடம் உண்டு. அது வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஒரே ஒரு இஎல்84 பவர் டியூப் உள்ள சின்ன ஆம்ப். டியூப் ரெக்டிஃபையர் போட்டால் சாக் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. ஒற்றை டியூப் கிளாஸ் ஏ-யில், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான் ஓடும். காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: 5ஒய்3 ரெக்டிஃபையர் டியூப் போய்விட்டது. கையில் 5யு4 இருக்கிறது. காலும் பொருந்துகிறது. போடலாமா சார்?

போடாதீர்கள் சார். 5ஒய்3-இன் ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) 2 ஆம்பியர் கேட்கும், 5யு4 கேட்பது 3. டிரான்ஸ்பார்மரின் 5 வோல்ட் சுற்று வெந்துவிடும். ஜிஇசட்34-க்கு 1.9 போதும், ஆனால் வோல்டேஜ் நன்றாக ஏறும். தென்காசித் தம்பிக்குச் சொன்ன கணக்கெல்லாம் அதற்கும் உண்டு.

நாங்குநேரியிலிருந்து: கோவில் கொடைகளில் வாசிக்கிறோம். ஜெனரேட்டர்தான். வாசித்துக்கொண்டே சுவிட்சை மாற்றலாமா?

மாற்றாதீர்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள். 400 வோல்ட் டிசியை ஓடும்போது வெட்டினால் சுவிட்சுக்குள் பொறி நீளும். நீங்களாகப் பொருத்துவதென்றால் 250 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கும் சாதா சுவிட்ச் ஆகாது.

ஜெனரேட்டர் என்றால் ரெக்டிஃபையரை விட ஸ்டெபிலைசர்தான் முக்கியம். சீரியல் செட்டுக்கும் உங்களுக்கும் ஒரே லைன் என்றால் விளக்கு அணைகிற நேரத்தில் வோல்டேஜ் எகிறும். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் வரை தாங்கும். லைன் 250-க்கு ஏறினால் அது 6.85 ஆகி எல்லை ஓரத்தில் நிற்கும்.

மறுபடியும் தென்காசியிலிருந்து: அப்படியானால் டையோடு போட்டு, டியூப் மாதிரி சாக் வரவைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. ரெக்டிஃபையருக்கும் முதல் கண்டன்சருக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 25 வாட். 100 மில்லிஆம்பியர் ஓடினால் 10 வோல்ட் விழும், 200 ஓடினால் 20. ஏறக்குறைய ஜிஇசட்34 செய்கிற வேலைதான். நன்றாகச் சுடும், ஒயர்களிலிருந்து தள்ளிச் சேசிஸில் இறுக்குங்கள். காதில் வித்தியாசம் கேட்காவிட்டால் 150 வரை போய்ப் பாருங்கள். மாற்றும்போதெல்லாம் பயாஸை மறுபடி அளக்க வேண்டும்.