மாற்றியமைக்கக்கூடிய ஒளிச் சில்லு எப்படி இயங்குகிறது? சிங்கப்பூருக்கு அதனால் என்ன பயன்?

ஒளிச் சில்லு என்பது மின்சாரத்துக்குப் பதில் ஒளியைக்கொண்டு கணக்கிடும் சில்லு (chip). அதில் சிலிக்கானில் செதுக்கிய, தலைமுடியைவிட மிக மெல்லிய பாதைகளில் லேசர் ஒளி இரண்டாகப் பிரிந்து சென்று மீண்டும் சேர்கிறது. ஒரு பாதையை நுண்ணிய சூடேற்றியால் சற்றே சூடாக்கினால், அங்கே ஒளியலை பின்தங்கி, எந்த வாயிலில் எவ்வளவு ஒளி வெளிவரும் என்பதே மாறிவிடும். இத்தகைய அலகுகளை வலையாகப் பின்னிவிட்டால், மின்னழுத்தங்களை மட்டும் மாற்றி, அதே சில்லை வேறோர் அணிப்பெருக்கலுக்கு, அதாவது எண்களை அட்டவணையாக அடுக்கிப் பெருக்கும் கணக்குக்கு, பயன்படுத்தலாம். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளில் பெரும்பகுதி அணிப்பெருக்கலே. 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய 56 அலகுகள் கொண்ட சில்லைக்கொண்டு உயிரொலிகளை இனங்கண்டனர்.

2020இல் நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே பயன்படுத்தின என்பதால், கணக்கிட ஆகும் மின்சாரத்தைக் குறைக்க முயலும் இந்த ஆய்வு நமக்கு மிகவும் முக்கியம். எனினும், சூடேற்றிகளும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவிகளும் ஆற்றலை எடுத்துக்கொள்வதால், அந்நிலையங்களுக்குள் தரவை வழிமாற்றி அனுப்பும் பணியில்தான் இது முதலில் கைகொடுக்கும் என்பது என் கருத்து.