ஓடினால் ரத்தம் துருப்பிடிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41. போன மாதம் முதல் முறையாக முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர், 4 மணி 50 நிமிடத்தில் ஓடி முடித்தேன். ஏற்கெனவே பணம் கட்டியிருந்ததால் இரண்டாம் நாளே மாஸ்டர் செக்கப்புக்குப் போனேன். சி.பி.கே. 1,860, எஸ்.ஜி.ஓ.டி. 96. "ரத்தத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், கல்லீரலும் அடி வாங்கியிருக்கிறது" என்று சொல்லி மூன்று மாதத்துக்கு விட்டமின் சி, ஈ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இனி ஓடவே கூடாது என்கிறார்கள். ஷூவைத் தூக்கிப் போட்டுவிடவா?
- வாசகர், கோவை

பதில்: ஷூ இருக்கட்டும். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பது, எதையும் சட்டென்று தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற மூலக்கூறுகள் உடம்பின் தற்காப்பை மீறிப் பெருகும் நிலை. அந்த இரண்டு எண்களும் அதை அளப்பவையே அல்ல. சி.பி.கே. என்பது தசைக்குள் இருக்கும் நொதி. ஐந்து மணி நேரம் இடிபட்ட தொடைத் தசையிலிருந்து அது ரத்தத்தில் கசிகிறது. மாரத்தானுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் நிற்கும். நீங்கள் சரியாக அந்த நாளில் போய்க் கையை நீட்டியிருக்கிறீர்கள். எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை, தசையிலும் உண்டு. கல்லீரலைத்தான் சந்தேகப்பட்டால் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியைப் பாருங்கள். அது தசையிலிருந்து வராது.

என் முதல் மாரத்தானுக்கு மறுநாள் நான் கிளினிக் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே ரத்தம் எடுத்தார். என் சி.பி.கே. 2,000-ஐத் தாண்டியிருந்தது.

சரி, ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பொய்யா? இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல ஆக்சிஜன் செலவழிக்கும் உடம்பு, ஓடும்போது பத்து மடங்கு கேட்கிறது. வேலை செய்யும் தசையில் ஃப்ரீ ராடிக்கல்கள் கூடுகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பின் அளவு ஏறுகிறது. ஆனால் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கியும் விடுகிறது. இரும்பில் பிடித்த துரு தானாகப் போகாது. அதனால்தான் 'ரத்தம் துருப்பிடிக்கிறது' என்ற உவமை எனக்குப் பிடிப்பதில்லை.

ராடிக்கல்களை அடக்கக் கொடுக்கும் அந்த விட்டமின் சி, ஈ மாத்திரைகளை நானும் ஒரு காலத்தில் விழுங்கியவன்தான். நிறுத்தியது 2009-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் படித்த பிறகு. சுமார் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் தினமும் 1,000 மில்லிகிராம் விட்டமின் சி-யும் 400 யூனிட் விட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது மாத்திரை சாப்பிடாதவர்களுக்குத்தான்! ராடிக்கல்களை எதிர்க்க உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் நொதிகள் கூடியதும் அவர்களுக்குத்தான். அந்த ராடிக்கல்கள்தான் தசைக்குப் போகும் தகவல்: 'அடுத்த முறைக்குத் தயாராகு.' மாத்திரை போட்டால் தகவல் வழியிலேயே தொலைகிறது. இன்னொரு ஆய்வில் 50 கிலோமீட்டர் ஓடியவர்களுக்கு இதே இரண்டு விட்டமின்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் அடங்கியது. தசைச் சேதம் மட்டும் குறையவே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் சுமார் 90 கிலோமீட்டர் நீளும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், முன்கூட்டியே 21 நாள் தினமும் 600 மில்லிகிராம் விட்டமின் சி எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் ஓட்டத்துக்குப் பின் சளி, தொண்டைவலி வந்தது. எடுக்காதவர்களில் 68 சதவீதம். அத்தனை தூரம் ஓடுகிறவர்களுக்கு அது ஒரு வாதம். வாரத்துக்கு நான்கு நாள் ஓடும் உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாது. கொய்யா, நெல்லிக்காய், கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் பேசுவது பெரிய டோஸ் மாத்திரைகளைப் பற்றி.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, தசை வீங்கி வலி நாளுக்கு நாள் கூடினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆபத்து.

இப்போது செய்ய வேண்டியது, சி.பி.கே., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி. மூன்றையும் மறுபடி எடுப்பது. அப்போதும் அளவு கூடுதலாக இருந்தால் ரிப்போர்ட்டோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய பத்து நாள் ஓடக் கூடாது. அது உங்களால் முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.