ஒன்பது ஆண்டுகள் திருத்திய நிலம்: வாய்மொழிக் குத்தகைக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் தூரத்து உறவினர் ஒருவரின் ஆறு ஏக்கர் நிலத்தை வாய்ப்பேச்சில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் குத்தகைக்கு, எடுத்தோம். அப்போது அது கட்டாந்தரை. நடுவில் மழைநீர் அறுத்த பெரிய பள்ளம். கல் வரப்புக் கட்டினோம், குழி வெட்டி எரு போட்டோம், வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்த மரங்களைக் காத்து வளர்த்தோம். இப்போது நிலம் நன்றாக விளைகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவர் இறந்துவிட்டார். அதன் பிறகு நானே பயிர் செய்து வாரம் அளந்து வருகிறேன். அறுவடை முடிந்ததும் காலி செய்யும்படி நிலத்துக்காரரின் மகன் சொல்கிறார். "பேச்சு அண்ணனோடு முடிந்தது, உங்களுக்கு உரிமை இல்லை" என்கிறார் கணவரின் தம்பி. நிலச் சீரமைப்புத் திட்டம் ஒன்றில் உதவி கேட்டால் உடைமை ஆவணம் கேட்கிறார்கள். மேலே உள்ள பொது மேய்ச்சல் சரிவிலிருந்து வரும் வெள்ளம் வேறு வரப்பை உடைக்கிறது. நான் வெளியேற வேண்டியதுதானா? உழைப்புக்கு ஈடு கிடைக்காதா? மரங்கள் யாருடையவை?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, அறுவடை முடிந்ததும் நீங்களாக நிலத்தை விட்டு இறங்கிவிடாதீர்கள். வெற்றுத் தாளிலோ, "நிலத்தை ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுதிய தாளிலோ கையெழுத்தும் போடாதீர்கள். உங்கள் வழக்கின் பெரிய பலம் நிலம் இன்று உங்கள் சுவாதீனத்தில் இருப்பதுதான். அதை இழந்த பிறகு வருகிறவர்களுக்கு என்னைப் போன்றவர்களால் செய்ய முடிவது மிகக் குறைவு.

நிலம் எந்த நாட்டில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. குத்தகைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள்ளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் சட்டப்பிரிவு எண்களுக்குள் போகாமல், பெரும்பாலான சட்டங்களுக்குப் பொதுவான அடிப்படைகளைச் சொல்கிறேன். உள்ளூர் வழக்கறிஞர் முன் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்பது இதிலிருந்து உங்களுக்குத் தெரிய வரும்.

எழுத்து இல்லை என்பதாலேயே குத்தகை இல்லை என்று ஆகிவிடாது. நீண்ட காலக் குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. ஆனால் நிலத்தைக் கையில் கொடுத்து, வாரத்தையும் வாங்கிக்கொண்ட ஒருவர் பிறகு "எங்களுக்குள் ஒன்றுமே இல்லை" என்று சொல்ல நீதிமன்றங்கள் எளிதில் விடுவதில்லை. அதை ஆண்டுக்கு ஆண்டு நீளும் குத்தகையாகப் பார்ப்பதே பரவலான வழக்கம். அப்படிப் பார்த்தால் முறையான முன்னறிவிப்பு வேண்டும். நீங்கள் மறுத்தால் அவர் நீதிமன்றத்துக்கோ குத்தகைத் தீர்ப்பாயத்துக்கோ போயாக வேண்டும். ஆளைக் கூட்டி வந்து வேலி போட அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படி மிரட்டினால் அன்றைக்கே இடைக்காலத் தடை கேளுங்கள். அறுவடைக்கு முன்பே குத்தகை முடிந்துவிட்டது என்று யாராவது வாதிட்டாலும், உங்கள் தவறில்லாமல் முடிந்த குத்தகையில் நீங்கள் விதைத்த பயிரை அறுத்துச் செல்லும் உரிமையை மிகப் பழைய சட்டங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "இத்தனை வருடம் அனுபவித்துவிட்டீர்கள், நிலமே உங்களுடையது என்று வழக்குப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். எதிரிடை அனுபவம் என்பது உரிமையாளரை எதிர்த்து, அவர் அனுமதி இல்லாமல் வைத்திருக்கும் அனுபவம். நீங்களோ அவர் அனுமதியுடன் வந்து ஆண்டுதோறும் வாரம் அளந்தவர். அந்த வாதம் நிற்காது. நிலத்துக்காரரின் உரிமையை மறுப்பதையே குத்தகை ரத்துக்குக் காரணமாக வைத்திருக்கும் சட்டங்கள் பல உண்டு என்பதால், இருக்கிற உரிமையும் கையை விட்டுப் போய்விடும். நிலம் அவருடையது என்பதை மதித்துக்கொண்டே, உங்கள் குத்தகையையும் உழைப்பையும் கேளுங்கள்.

கணவரின் தம்பி சொல்வது பலவீனமான வாதம். குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் உள்ள பல இடங்களில் அந்த நிலத்தில் பாடுபட்ட வாரிசுக்குக் குத்தகை தொடரும். மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய பர்கா நடவடிக்கையில் சுமார் 14 லட்சம் வாரதாரர்களின் பெயர்கள் பதிவாயின. அந்த மாநிலச் சட்டப்படி வாரதாரரின் உரிமை வாரிசுக்குப் போகும். உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கணவர் இறந்த பிறகு மூன்று ஆண்டுகள் உங்கள் கையிலிருந்து வாரத்தை வாங்கியவர்கள் உங்களைக் குத்தகைதாரராக ஏற்றுக்கொண்டவர்களே. இதைத்தான் நீங்கள் முதல் வாதமாக வைக்க வேண்டும்.

பேச்சைக் கணவரோடு மட்டும் முடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மண்ணின் தலையெழுத்தும் அதில் அடங்கியிருக்கிறது. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் நிலச் சான்றிதழில் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்தார்கள். ருவாண்டாவில் சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட நிலத்துண்டுகளைப் பதிவு செய்தார்கள். அங்கே முன்னோடியாகப் பதிவு நடந்த பகுதிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, வரப்பு போன்ற மண் காப்பு வேலைகளில் மக்கள் இறங்குவது கணிசமாகக் கூடியதைக் கண்டது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் அந்த மாற்றம் இன்னும் அதிகம். நாளைக்கு விரட்டப்படுவோம் என்ற பயம் உள்ளவர் இன்று கல் சுமக்கமாட்டார். நீங்கள் அந்தப் பயத்தோடே ஒன்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறீர்கள்.

இனி இழப்பீடு. உங்கள் கடிதத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். நிலத்தோடு சேர்ந்தது நிலத்துக்கே சொந்தம் என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் விதி. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் வரப்பும், குழியும், கறுத்து வளமான மண்ணும் நிலத்துக்காரருக்கே போய்விடும். இதன் அநீதியை உணர்ந்து சட்டம் மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1875-இல் வந்த சட்டம் குத்தகைதாரரின் மேம்பாடுகளை மூன்றாகப் பிரித்தது. வடிகால் போன்றவற்றின் பலன் 20 ஆண்டுகள், சுண்ணாம்பு இடுவது போன்றவை 7 ஆண்டுகள், விலைக்கு வாங்கிப் போட்ட உரம் 2 ஆண்டுகள் என்று கணக்கிட்டு, மீதமுள்ள பலனுக்கு ஈடு தரச் சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து அதைத் தவிர்த்துவிட நில உடைமையாளர்களால் முடிந்தது. 1883-இல் அந்த வழியை அடைத்தார்கள். 1995-இன் சட்டமோ, மேம்பாட்டால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு கூடியதோ அதையே ஈடாக வைத்தது. அதற்கு நில உடைமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அவர் மறுத்தால் நடுவரிடம் போகலாம் என்பது நிபந்தனை.

அந்தச் சம்மதம்தான் உங்களிடம் இல்லாதது. எழுதி வாங்கவில்லை. ஆனாலும் கதவு முழுதாக அடைபடவில்லை. கல் வரப்பு எழும்போது நிலத்துக்காரப் பெரியவர் வந்து பார்த்தாரா? வேண்டாம் என்று சொல்லாமல் நின்றாரா? கல் ஏற்ற வண்டி கொடுத்தாரா? ஒருவர் தன் நிலத்தில் இன்னொருவர் நம்பிக்கையோடு உழைப்பதைக் கண்டும் தடுக்காமல் பலனை வாங்கிக்கொண்டால், பிறகு அந்த உழைப்பே நடக்கவில்லை என்பதுபோல் நடந்துகொள்வது நியாயமாகாது என்று பல நீதிமன்றங்கள் பார்க்கின்றன. இதற்குச் சான்று தேவை. சான்றுக்குத்தான் காலக்கெடு இருக்கிறது, ஏனென்றால் ஒரு பெருமழை வரப்பையும் பள்ளத்தின் அடையாளத்தையும் கொண்டு போய்விடும்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். ஒவ்வொரு வரப்பையும் குழியையும் மரத்தையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பழைய நிலையைக் காட்ட, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வெளுத்துக் கிடந்த தரை இன்று பச்சையாக இருப்பதை நீதிபதி தன் கண்ணால் பார்ப்பதற்கு ஈடான சாட்சி இல்லை. திருத்தாமல் கிடக்கும் பக்கத்து நிலத்தின் மண்ணையும் உங்கள் மண்ணையும் ஒரே நாளில் எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கூலி கொடுத்த கணக்கு, கல் ஏற்றியவர், எரு விற்றவர், எல்லையில் பயிர் செய்பவர், வாரம் அளந்தபோது உடன் நின்றவர் என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இந்த ஆண்டு வாரத்தைச் சாட்சியின் முன் அளந்து ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால், கொடுக்க வந்ததையும் அவர் மறுத்ததையும் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். வாரம் தரவில்லை என்ற ஒரே காரணத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மரங்களுக்கு வருகிறேன். நட்ட மரம், தானாக வந்த மரம், அடிக்கட்டையிலிருந்து நீங்கள் காத்த மரம் ஆகிய மூன்றையும் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கக்கூடும். சில இடங்களில் வெட்டுவதற்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். கோபத்தில் ஒரு கிளையைக்கூட வெட்டாதீர்கள். அது நிலத்துக்குச் சேதம் செய்ததாக மாறி உங்கள் இழப்பீட்டையே விழுங்கிவிடும். மரத்தின் உரிமை யாருக்கு என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு நைஜர் நாடு சாட்சி. அங்கே பிரெஞ்சு ஆட்சிக் காலச் சட்டம் மரங்களை அரசின் சொத்தாக்கியிருந்தது. உழவர்களுக்கு வயலில் வரும் துளிரைக் காக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. 1980-களில் அந்தக் கெடுபிடி தளர்ந்து, என் வயல் மரம் எனக்கு என்ற நம்பிக்கை வந்த பிறகு, நீங்கள் செய்த அதே வேலையை அவர்களும் செய்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.

நிலத்துக்காரரின் மகனுக்கும் ஒரு பயம் இருக்கலாம். மரம் வளர்த்தவர் நாளை நிலத்தையே கேட்பார் என்ற பயத்தில் குத்தகைதாரரை மரம் நடவே விடாத ஊர்கள் உலகெங்கும் உண்டு. "நில உடைமையில் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முன்வந்தாலே பேச்சு சுமுகமாகலாம். அதே தாளில் உங்கள் குத்தகைக் காலமும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திட்டக்காரர்கள் உடைமை ஆவணம் கேட்டது வருத்தமளிக்கிறது. நிலத்தைத் திருத்துகிறவர்களில் பெரும்பகுதியினரிடம் அது இருக்காது. 2012 மே மாதம் ரோம் நகரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட நில உரிமை ஆளுகை வழிகாட்டுதல்கள், எழுத்தில் இல்லாத நியாயமான உரிமைகளையும் மதிக்கச் சொல்கின்றன. பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 2019 புதுதில்லி மாநாடும் நில உரிமைப் பாதுகாப்பை முதன்முறையாகத் தன் தீர்மானங்களில் ஒன்றாக்கியது. இவை நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டங்கள் அல்ல. ஆனால் அந்த அலுவலரிடம் எழுத்து மூலமாக வைத்து, "குத்தகை ஒப்பந்தமோ, அக்கம்பக்கத்தவர் சான்றோ போதாதா?" என்று கேட்க உதவும். உதவி கிடைத்தால் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். பணமும், மரங்கள் கரியமில வாயுவை உறிஞ்சுவதற்காகக் கிடைக்கும் கார்பன் வருமானமும் உடைமையாளர் பெயருக்கு மட்டும் போகும் ஒப்பந்தம் உங்களை வெளியேற்ற இன்னொரு காரணமாகவே அமையும்.

நிலம் நன்றான பிறகுதான் அதன் மீது மற்றவர்கள் கண் விழுகிறது. புர்கினா பாசோவின் வடக்கே யகூபா சவடோகோ என்ற உழவர் குழி வெட்டி எரு போட்டு விதைக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, வெடித்துக் கிடந்த தரையில் பயிரையும் காட்டையும் எழுப்பினார். 2018-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றவர். அவர் வளர்த்த காட்டிலேயே நகர விரிவாக்கத்துக்கு மனை பிரித்தார்கள். அவ்வளவு புகழ் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், உங்களிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும்.

மேலே உள்ள சரிவைத் தனியாக நீங்கள் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. அது மேய்ப்பவர்களின் உரிமையும் ஆகும். வேலி போட்டால் புதிய வழக்குதான் வரும். மேய்ப்பவர்களையும் கீழ்நிலத்துக்காரர்களையும் ஊர்ப் பொறுப்பாளர் முன் உட்கார வைத்து, எந்தப் பகுதியை எத்தனை மாதம் மேய்ச்சலுக்கு மூடுவது, புல்லை யார் அறுப்பது, மீறினால் என்ன என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பயன்படுத்துகிறவர்களே வகுத்து, அவர்களே கண்காணிக்கும் விதிகள் நெடுங்காலம் நிற்கின்றன என்று காட்டியதற்காகவே எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

வழக்கு கடைசி வழி. முதலில் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டுச் சமரசத்துக்கு அழையுங்கள். கேட்க வேண்டிய குத்தகைக் காலம் பத்து ஆண்டுகள். எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள், ஏனென்றால் இன்று கட்டும் வரப்பின் முழுப் பலன் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். முன்கூட்டி நிலம் தேவைப்பட்டால், இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையைக் கையில் கொடுத்த பிறகே சுவாதீனம் மாற வேண்டும். இன்றைய வரப்புகள், மரங்களின் பட்டியலைப் படங்களோடு இணைப்பாகச் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திடட்டும். நிலம் விற்கப்பட்டால் வாங்குபவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வரியை மறக்காதீர்கள். அந்த வரி செல்ல வேண்டுமானால் பத்திரம் பதிவாக வேண்டும். பதிவுச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொன்னாலும் தவறில்லை. உடைமையாளர் பெரியவரா, மகனா என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, பெயர் உள்ளவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.