ஆப் ஸ்டோரை நம்பி ஒரு தொழிலா? கேம் உருவாக்கம் படிக்க விரும்பும் பிள்ளையின் பெற்றோருக்கு

மகள் கேம் உருவாக்கம் படிக்க ஆசைப்படுகிறாள். நாளைக்கே கூகுளோ ஆப்பிளோ அவள் ஆப்பைத் தூக்கிவிட்டால் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. 2020 ஆகஸ்டில் எபிக் என்ற கேம் நிறுவனம், ஸ்டோருக்குப் பங்கு போகாதபடி, தன் ஃபோர்ட்நைட் கேமுக்குள் சொந்தக் கட்டண வழியைச் சேர்த்தது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் அதைத் தங்கள் ஸ்டோர்களிலிருந்து நீக்கின. அதற்காக இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே ஸ்டோரின் தயவில் நிற்காத மாதிரி படிப்பையும் பழக்கத்தையும் அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

ஸ்டோரின் பிடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஐபோனில் பெரும்பாலான நாடுகளில் ஆப் ஸ்டோர் ஒன்றுதான் வாசல். ஐரோப்பிய ஒன்றியத்தில், பெரிய தளங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு மாற்று ஸ்டோர்கள் திறந்தன. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் நிறுவலாம், ஆனால் எச்சரிக்கைத் திரைகளைத் தாண்டி வரும் பொறுமை பலருக்கு இல்லை. கணினியில்தான் உண்மையான போட்டி: ஸ்டீம், எபிக், ஜிஓஜி, இட்ச் என்று பல கேம் ஸ்டோர்கள். அதனால் முதல் இரண்டு ஆண்டுகள் கணினி கேம்களில் கைபழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

போட்டி வந்தால், விற்பனையில் ஸ்டோர் எடுக்கும் கமிஷன் குறையும், குறைந்தும் இருக்கிறது. ஆப்பிளின் வழக்கமான 30 சதவீதம், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டும் சிறியவர்களுக்கு 2021 முதல் 15 ஆனது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. ஸ்டீம் 30 எடுக்கிறது. எபிக் 2018இல் ஸ்டோர் திறந்தபோது 12 என்று அறிவித்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 டாலர் கேம் ஸ்டீமில் 1,000 பிரதி விற்றால், வரியும் ரீஃபண்டும் கழிக்காமல், கைக்கு 7,000 டாலர். 12 சதவீத ஸ்டோரில் அதே தொகைக்கு 796 பிரதி விற்றாக வேண்டும். கூட்டம் குறைந்த ஸ்டோரில் அந்த 796 பேரை யார் கூட்டிவருவது? சிறிய டெவலப்பருக்குக் கமிஷனைவிடக் கண்ணில் படுவதுதான் பெரிய பிரச்சினை. ஆகவே விளம்பர டிரெய்லர் வெட்டுவது, ஸ்டோர் பக்கம் எழுதுவது, ஆடுபவர்களின் மின்னஞ்சல் பட்டியலைத் தன் கையில் வைத்திருப்பது ஆகியவற்றையும் புரோகிராமிங்கோடு சேர்த்தே கற்கட்டும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது ஸ்டோரில் கணக்குத் திறக்கும் விஷயத்தில். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிடத் தேவையான டெவலப்பர் கணக்குக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்காக நண்பனின் கணக்கையோ, விலைக்குக் கிடைக்கும் பழைய கணக்கையோ தொடவே கூடாது. ஒரு கணக்கு முடக்கப்பட்டால் அதனோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் கணக்குகளும் சேர்ந்து போகும். அவள் செய்யாத தவறுக்கு அவள் பெயர் அடிபடும். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்குக்கு இன்னொரு நிபந்தனை: குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை குறைந்தால் நாள்கணக்கு கெடும். 20 பேரைச் சேர்த்து வைப்பது பாதுகாப்பு. ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பேக்கேஜ் பெயரை, ஆப்பை வெளியிட்ட பின் மாற்ற முடியாது. "டெஸ்ட்1" என்று விளையாட்டாக வைத்தால் கடைசிவரை அதுதான்.

ஆப் இவருடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைப் போடும் சாவியையும் கவனிக்க வேண்டும். முதல் வெளியீட்டின்போது தானே உருவாக்கிய சாவியைப் பிளேயில் ஏற்றி, பிரதியை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினால், வேறு ஸ்டோரிலும் அதே கையொப்பத்தோடு வெளியிடலாம். கையொப்பம் மாறினால் பழைய ஆப்பின் மேல் புதியதை நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. பழையதை நீக்கச் சொல்லும், அப்போது போனில் மட்டும் சேமித்திருந்த ஆட்டநிலை அழியும். ஸ்டோர் மாற நினைக்கும் பலர் மாட்டுவது இங்கேதான்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஒரே ஒரு என்ஜினின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளின், மெனுக்களைச் சொல்லித்தருவதோடு நின்றால் வேண்டாம். அப்படி ஒரு என்ஜினான யூனிட்டியின் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த என்ஜின் மட்டுமே தெரிந்தவர்கள் தவித்தார்கள். சி++ அல்லது சி#, கணிதம், தரவுத்தளம், சர்வர் பக்க வேலை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த மூல கோடாட் என்ஜினை வீட்டிலேயே பழகலாம். அவளுக்குச் சட்டத்தில் ஆர்வம் இருந்தால் போட்டிச் சட்டம், பணப் பரிவர்த்தனைச் சேவைகள், ஸ்டோர் விதி இணக்கம் ஆகியவற்றிலும் வேலை உண்டு. ஆப்பிள், கூகுள் மீது எபிக் தொடுத்த வழக்குகளும் ஐரோப்பியச் சட்டமும் அந்த வேலைகளைப் பெருக்கியிருக்கின்றன.

இந்த விடுமுறையில் பத்து நிமிடம் ஆடக்கூடிய ஒரு கேமை முடித்து இட்சில் போடட்டும். பதிவுக் கட்டணம் இல்லை, தளத்துக்குப் போகும் பங்கையும் அவளே நிர்ணயிக்கலாம். அடுத்ததை ஸ்டீமில் வெளியிடலாம். அங்கே ஒரு கேமுக்கு 100 டாலர். கட்டிய பின் 30 நாள் காத்திருப்பு உண்டு, "விரைவில்" என்ற முன்னறிவிப்புப் பக்கமும் இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். அந்தத் தேதிகளைத் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.