மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தில் ஏன் ஒன்பதே பாட்டு?

42 நிமிஷ ஆல்பத்துக்கா இவ்வளவு புகழ் என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் போட்டுவிட்டு, அதற்குள் முடிந்துவிட்டதே என்று ஏமாந்திருப்பீர்கள் போல. சரக்கு தீர்ந்து ஒன்பதோடு நிறுத்தவில்லை. 1982-ல் ஆல்பம் என்றால் முதலில் 12 அங்குல எல்பி இசைத்தட்டு. அதில் இடம் அவ்வளவுதான்.

தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே சுருள் பள்ளம். அதில் முள் ஓடித்தான் ஒலி வரும். பேஸ், அதாவது அடித்தொனி, கனமாக இருந்தால் பள்ளம் பக்கவாட்டில் அதிகம் வளையும். அடுத்த சுற்றோடு இடிக்காமலிருக்க நடுவே இடைவெளி விட வேண்டும். பக்கத்துக்கு இருபது நிமிஷம் என்றால் சௌகரியம். 25-ஐத் தாண்டினால் சுற்றுகளை நெருக்க வேண்டும். அதற்கு ஒலியளவையும் பேஸையும் குறைத்தே ஆக வேண்டும். திரில்லரும் இதில்தான் மாட்டியது. தயாரிப்பாளர் க்வின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் எல்லாரும் உட்கார்ந்து மாதிரித் தட்டைக் கேட்டபோது சப்பென்று இருந்தது. பாட்டுகளை நறுக்கி, தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 'தி லேடி இன் மை லைஃப்' ஒரு சரணத்தையே இழந்தது. முடிவில் முதல் பக்கம் 20 நிமிஷம், இரண்டாவது 22.

'பில்லி ஜீன்' முன்னிசை அரை நிமிஷம். அதையும் குறைக்கச் சொன்னார் க்வின்சி. ஆடத் தூண்டுவதே அதுதான் என்று மைக்கேல் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லவேளை. முதல் நாலு விநாடி வெறும் டிரம், பிறகுதான் பேஸ் நுழையும். அந்த டிரம்முக்காக ஸ்வீடியன் தனியாக ப்ளைவுட் மேடை போட்டார். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு உறை தைத்து, மைக் நுழைய ஜிப் வைத்தார். மிக்ஸ் 91 வரை போனது. தட்டில் ஏறியது இரண்டாவது மிக்ஸ்!

பழைய எல்பி வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். அந்த நேரத்தில் வெளி ஓரத்தில் முள் 90 சென்டிமீட்டர் ஓடும். லேபிள் பக்கம் 40 கூட இராது. அதே ஒலி பாதி நீளத்தில் திணிக்கப்படுவதால், 'ஸ்' வரும் இடங்கள் கடைசிப் பாட்டில்தான் முதலில் கரகரக்கும். இரண்டாம் பக்கக் கடைசியில் மெதுவான பாட்டு இருப்பதால் தப்பிக்கிறது. முதல் பக்கக் கடைசியில் 'திரில்லர்' பாட்டே இருக்கிறது, பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேச்சும் சிரிப்புமாக. அங்கே ஒலி கிழிந்தால் தட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். முள்ளில் தூசி இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் கோணல் இல்லாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்பிதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை, அந்தச் சண்டைக்கு ஆளை விடுங்கள். சிடியில் பள்ளத் தொல்லையே கிடையாது. ஆனால் 74 நிமிஷம் கிடைத்துவிட்டதே என்று அதை நிரப்பியே தீருவது என்ன வியாதியோ! இந்த ஆல்பத்தையும் விடவில்லை: 2008-ல் வந்த 25-ம் ஆண்டுப் பதிப்பில் ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் ரீமிக்ஸ்கள் தொற்றிக்கொண்டு வருகின்றன. ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் ஒன்பது பாட்டு மட்டும் உள்ள பதிப்பைத் தேடி எடுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், சுமாரான ஹெட்போனாவது மாட்டுங்கள். இடத்துக்காக அத்தனை பேர் அடித்துக்கொண்ட பேஸ் போன் ஸ்பீக்கரில் வராது.